மாணவர் பயணியா? இரவில் கற்பிக்கும் பயிற்றுநரின் 90 நாள் கணக்கு

வாசகர் கேள்வி: அமெரிக்காவில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் இரண்டு ஆண்டுகளாகப் பயிற்றுநராக இருக்கிறேன். ஒற்றை எஞ்சின் விமானங்களில்தான் கற்பிக்கிறேன். சென்ற மாதம் மட்டும் பன்னிரண்டு இரவுகள் மாணவர்களுடன் பறந்தேன். ஆனால் லாக்புக்கை (பறப்புப் பதிவேட்டை) புரட்டியபோது, நானே என் கையால் இரவில் விமானத்தைத் தரையிறக்கி நான்கு மாதங்கள் ஆகிவிட்டன என்று தெரிந்தது. இந்த நிலையில் இரவு வகுப்பு எடுத்தது விதிமீறலா? "மாணவர் பயணி அல்ல, கவலைப்படாதே" என்கிறார் எங்கள் தலைமைப் பயிற்றுநர். ஐரோப்பாவில் கற்பிக்கும் என் நண்பரோ, அது விதிமீறல்தான் என்று அடித்துச் சொல்கிறார். மாணவர் ஃபிளேர் செய்யும்போது (தரையைத் தொடும் முன் மூக்கை உயர்த்தி இறக்கத்தை மெதுவாக்கும்போது) நானும் கட்டுப்பாட்டைப் பிடித்து உதவிய தரையிறக்கங்களை என் கணக்கில் சேர்க்கலாமா? அடுத்த வாரம் ஒரு மாணவரின் அண்ணன் இரவு வகுப்பின்போது பின் இருக்கையில் அமர்ந்து வர விரும்புகிறார். அனுமதிக்கலாமா?

பதில்:

அன்புள்ள பயிற்றுநருக்கு,

உங்கள் மனத்தை உறுத்தும் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். விமானத்தில் நீங்களும் மாணவரும் மட்டுமே இருந்திருந்தால், சென்ற மாத வகுப்புகளில் நீங்கள் இரவுப் பறத்தலுக்கான அண்மை அனுபவ விதியை மீறவில்லை. உங்கள் தலைமைப் பயிற்றுநர் விதியைச் சரியாகவே படித்திருக்கிறார். ஆனால் அவர் அதோடு சேர்த்துச் சொன்ன "கவலைப்படாதே" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் கடிதத்தில் நீங்கள் நேரடியாகக் கேட்காமல் விட்ட கேள்வியும் அதுதான் என்பதால், விதியைப் பற்றிப் பேசி முடித்த பின் அதற்கு வருகிறேன்.

நாம் பேசும் விதி, அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.-வின் விதித்தொகுப்பில் 61.57-இன் 'பி' பிரிவு. சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கி, சூரியன் உதிக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது முடியும் காலத்தில், பயணிகளை ஏற்றிக்கொண்டு பொறுப்பு விமானியாக (அந்தப் பறப்புக்கு இறுதிப் பொறுப்பேற்பவராக) செயல்பட விரும்பும் ஒருவர், அதற்கு முந்தைய 90 நாட்களுக்குள், அதே இருட்டு நேரத்தில், குறைந்தது 3 டேக்-ஆஃப்களும் முழுமையாக நின்று முடிந்த 3 தரையிறக்கங்களும் செய்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அவற்றில் கட்டுப்பாடுகளைக் கையாண்டவர் அவர் ஒருவராக மட்டுமே இருந்திருக்க வேண்டும். ஒற்றை எஞ்சின் விமானத்தில் செய்தது இரட்டை எஞ்சின் விமானத்துக்குச் செல்லாது. தரையைத் தொட்டு நிற்காமலே மீண்டும் கிளம்பும் டச்-அண்ட்-கோ எத்தனை செய்தாலும் இந்தக் கணக்கில் ஒன்றுகூடச் சேராது.

இந்த விதி முழுவதும் 'பயணிகளை ஏற்றிக்கொண்டு' என்ற சொற்களின் மீதே நிற்கிறது. தனியாகப் பறப்பவரை அது தடுப்பதில்லை. தடுத்தால், காலாவதியான அனுபவத்தை ஒருவர் புதுப்பித்துக்கொள்ளவே வழி இருக்காது. அப்படியானால் மாணவர் பயணியா என்ற கேள்வி எழுகிறது. 2006-ஆம் ஆண்டில் எஃப்.ஏ.ஏ.-வின் தலைமைச் சட்ட ஆலோசகர் அலுவலகம் அளித்த விளக்கம் ஒன்று இதைத் தெளிவாக்கியது. அந்த விளக்கத்தின்படி, பயிற்சி நடக்கும் பறப்பில் பயிற்றுநரை மாணவரின் பயணியாகவோ, மாணவரைப் பயிற்றுநரின் பயணியாகவோ கருதுவதில்லை. பயிற்றுநரே பொறுப்பு விமானியாக இருந்தாலும் இது மாறாது. ஆகவே உரிமம் பெற்ற ஒருவர் தமது இரவு அனுபவம் காலாவதியான நிலையில் உங்களிடம் வந்து, உங்களுடைய அனுபவமும் அதேபோல் காலாவதியாகியிருந்தாலும், நீங்கள் இருவரும் இரவில் ஏறி அவருடைய 3 தரையிறக்கங்களை முடித்துக்கொண்டு வர விதி அனுமதிக்கிறது. அதே நிலையில் உள்ள இரண்டு சாதாரண விமானிகள், பயிற்சி எதுவும் இல்லாமல் சேர்ந்து ஏறினால், ஒருவர் மற்றவருக்குப் பயணி ஆகிவிடுகிறார். அங்கே விதிமீறல் நிகழ்ந்துவிடுகிறது.

ஐரோப்பிய நண்பர் சொன்னதும் அவர் இருக்கும் இடத்தில் சரிதான். ஐரோப்பிய விதித்தொகுப்பில் எஃப்.சி.எல்.060-இன்படி, இரவில் பயணிகளை ஏற்றிச் செல்ல முந்தைய 90 நாட்களுக்குள் இரவில் ஒரு டேக்-ஆஃப், ஒரு அணுகல் (ஓடுபாதையை நோக்கி இறங்கி வருவது), ஒரு தரையிறக்கம் போதும்; இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதி) இருந்தால் அதுவும் தேவையில்லை. பொதுவாக அமெரிக்க விதியைவிட இளகியதாகத் தெரியும் இந்த விதி, பயிற்றுநரிடம் வரும்போது இறுகுகிறது. இரவு ரேட்டிங்குக்குக் கற்பிக்கும் பயிற்றுநர் இந்த நிபந்தனையைத் தாமே நிறைவேற்றியிருக்க வேண்டும் என்றும், இரவில் கற்பிக்கும் திறனைத் தகுதி பெற்ற மற்றொரு பயிற்றுநரிடம் நிரூபித்திருக்க வேண்டும் என்றும் பயிற்றுநர் உரிமைகளைப் பற்றிய பிரிவு தனியாகவே சொல்கிறது. மாணவர் பயணியா இல்லையா என்ற வாதத்துக்கே அங்கே இடமில்லை. நீங்கள் இருவரும் ஒரே வேலையைச் செய்தாலும் வெவ்வேறு புத்தகங்களின் கீழ் செய்கிறீர்கள்.

இனி, நீங்கள் பிடித்து உதவிய தரையிறக்கங்கள். அவற்றை உங்கள் கணக்கில் சேர்க்க முடியாது. 'கையாண்டவர் ஒருவரே' என்பதில் விட்டுக்கொடுப்பு எதுவும் இல்லை. மாணவரின் கை யோக்கில் (கட்டுப்பாட்டுப் பிடியில்) இருக்கும்போது உங்கள் கையும் இருந்தால், அந்தத் தரையிறக்கம் அண்மை அனுபவக் கணக்கில் உங்களுக்கும் சேராது, உரிமம் பெற்றவரானால் அவருக்கும் சேராது. பயிற்றுநராக இருந்த நேரம் முழுவதையும் பொறுப்பு விமானி நேரமாகப் பதிய 61.51 உங்களுக்கு அனுமதி தருவதால், அந்த இரவின் தரையிறக்கங்களும் நமக்குச் சேரும் என்று பலர் தங்களை அறியாமலேயே நினைத்துக்கொள்கிறார்கள். நேரத்தைப் பதிவது வேறு, தரையிறக்கத்தைப் பதிவது வேறு. உங்கள் பன்னிரண்டு இரவுகள் நேரப் பத்தியில் பெரிய எண்ணாக நிற்கும்; இரவுத் தரையிறக்கப் பத்தியில் நீங்கள் மட்டும் இறக்கியவை தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. மாணவருக்கு முழுமையாகச் செய்து காட்டிய தரையிறக்கம், விமானம் நின்று முடிந்திருந்தால், உங்களுக்குச் சேரும். அதைத் தயக்கமின்றி எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கணக்கை நிரப்புவதற்காக மாணவர் பணம் கட்டிய நேரத்தில் மூன்று முறை 'செய்து காட்டுவது' நேர்மையான வழி அல்ல. தனியார் விமானி உரிமத்துக்கு அவருக்கு 3 மணி நேர இரவுப் பயிற்சியும் 10 முழுத் தரையிறக்கங்களும் வேண்டும். அந்த நேரம் அவருடையது.

நேரத்தைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் லாக்புக்குகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை இங்கேதான் இருக்கிறது. ஒரே மாலையில் நீங்கள் மூன்று கடிகாரங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சூரியன் 6:10-க்கு மறைகிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்கைநுனி விளக்குகளும் வால் விளக்கும் 6:10-இலிருந்தே எரிய வேண்டும். சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை கீழே இறங்கும்போது அந்திச் செவ்வொளி முடிந்து, விதித்தொகுப்பு வரையறுக்கும் 'இரவு' தொடங்குகிறது. அது 6:35 என்று கொள்ளலாம். அப்போதிலிருந்து இரவு நேரம் பதியலாம், மாணவரின் இரவுப் பயிற்சியும் தொடங்கிவிடும். ஆனால் 90 நாள் கணக்குக்கான தரையிறக்கம் 7:10-க்குப் பிறகுதான் செல்லும். 6:50-க்கு நீங்கள் இறங்கிய அழகான தரையிறக்கம் இரவு நேரத்தில் நடந்ததுதான். ஆயினும் இந்தக் கணக்கில் அது ஒன்றுமில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு: 6:35-க்கும் 7:10-க்கும் இடையில் பயணியுடன் பறந்து இறங்கிவிடுபவருக்கு இந்த இரவு விதியே பொருந்தாது. குளிர்காலத்தில் மாலை வகுப்பை முடித்துக்கொண்டு அவசரமாக மூன்று சர்க்யூட் (ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்கும் சுற்று) போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் பயிற்றுநர்கள் இந்த இடைவெளியில்தான் ஏமாறுகிறார்கள். தரையிறங்கிய நேரத்தையும் லாக்புக்கின் குறிப்புப் பத்தியில் எழுதி வையுங்கள். விதி அதைக் கேட்கவில்லை, ஆனால் பின்னொரு நாள் யாராவது கேட்டால் உங்களிடம் விடை இருக்கும்.

90 நாட்கள் என்பது மூன்று மாதங்கள் அல்ல. மார்ச் 1 இரவில் இரண்டு முறையும் ஏப்ரல் 10 இரவில் ஒரு முறையும் இறங்கியிருந்தால், மே 30 வரைதான் உங்கள் கணக்கில் மூன்று இருக்கும். மே 31 அன்று ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். இதையும், பயிற்றுநர் சான்றிதழுக்கான 24 மாத அண்மை அனுபவத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2024 டிசம்பரிலிருந்து பயிற்றுநர் சான்றிதழில் காலாவதி நாள் அச்சிடப்படுவதில்லை. அதற்குப் பதில் அண்மை அனுபவம் என்ற சொல்லே அங்கேயும் வந்துவிட்டது. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

மாணவர் பயணி அல்ல என்ற விளக்கம் உங்களைக் காப்பாற்றாத இடம் ஒன்றும் உண்டு. இன்ஸ்ட்ரூமென்ட் விதிகளின் கீழ், அந்த ரேட்டிங் இல்லாத மாணவருடன் இரவில் மேகத்துக்குள் போகிறீர்கள் என்றால், பொறுப்பு விமானி நீங்கள்தான். 6 மாதங்களுக்குள் 6 அணுகல்கள் முதலிய நிபந்தனைகள் பயணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களைக் கட்டுப்படுத்தும்.

இப்போது, விதி அனுமதித்தும் நான் ஏன் கவலைப்படச் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் உங்களைப் போலவே வாரத்துக்கு மூன்று நான்கு இரவுகள் கற்பித்துக்கொண்டிருந்தேன். எந்த மாதத்திலும் அவ்வளவு இரவு நேரம் நான் பதிந்ததில்லை. இரவுப் பறத்தலில் என்னைவிடப் பழகியவர் பள்ளியில் யாருமில்லை என்றே நினைத்திருந்தேன். ஓர் இரவு, ஆறாவது தரையிறக்கத்தில், மாணவர் ஓடுபாதைக்கு வெகு உயரத்திலேயே ஃபிளேர் செய்துவிட்டார். வேகம் வடிந்துகொண்டிருந்தது. "என் கட்டுப்பாடு" என்று சொல்லி வாங்கினேன். த்ராட்டிலைச் சற்றே ஏற்றி, மூக்கைத் தாழ்த்தி, தரை வருவதற்குக் காத்திருந்தேன். நான் எதிர்பார்த்ததற்கு ஒரு கணம் முன்பே தரை வந்தது. முன்சக்கரம் முதலில் தொட்டது, விமானம் எகிறியது, முழு ஆற்றலைக் கொடுத்து மேலே ஏறிச் சுற்றி வந்தோம். எதுவும் உடையவில்லை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அன்றிரவு லாக்புக்கைப் பார்த்தேன். நானே இரவில் இறக்கி ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. மாணவரைவிட என் கண் அந்த ஓடுபாதைக்குப் புதிதாக இருந்தது.

பகலில் இறங்கும்போது உயரத்தை நாம் ஓடுபாதையின் பரப்பிலிருந்தும், ஓரத்துப் புல்லிலிருந்தும், பக்கப் பார்வையில் ஓடும் நூறு விவரங்களிலிருந்தும் அறிகிறோம். இரவில் அவற்றில் பெரும்பாலானவை இல்லை. முன்னால் லேண்டிங் லைட் போடும் ஒரு சிறிய வெளிச்ச வட்டம், இருபுறமும் ஓர விளக்குகளின் வரிசை, அவ்வளவுதான். அந்த வட்டத்துக்குள் டயர் தேய்ந்த கறுப்புத் தடங்கள் தெரியத் தொடங்குவது, ஓர விளக்குகள் கண் மட்டத்தை நோக்கி உயர்ந்து வருவது போல் தோன்றுவது, இந்த இரண்டையும் வைத்துத்தான் ஃபிளேரின் தொடக்கத்தை முடிவு செய்கிறோம். இது மிக நுண்ணிய பழக்கம். வலப்பக்க இருக்கையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பதால் இது தேய்வதை நிறுத்த முடியாது, ஏனெனில் கண்ணுக்குத் தெரிவதற்கும் கை அசைவதற்கும் இடையிலுள்ள தொடர்புதான் தேய்கிறது. அதோடு, வகுப்பின்போது உங்கள் கவனம் ஓடுபாதையில் மட்டும் இருப்பதில்லை. பாதி மாணவரின் கையில், பாதி வேகமானியில் இருக்கிறது. அந்த வேகமானியையும் நீங்கள் பக்கவாட்டில் சாய்வாகவே பார்க்கிறீர்கள். அப்படிப் பன்னிரண்டு இரவுகள் பார்த்தது உங்களை ஒரு நல்ல பார்வையாளராக்கியிருக்கும், தரையிறக்குபவராக வைத்திருக்காது.

சுற்றிலும் விளக்குகளே இல்லாத இருட்டுப் பரப்புக்கு மேல் அணுகும்போது, தாங்கள் உயரமாக இருப்பதாக விமானிகளுக்குத் தோன்றுகிறது; அதனால் தாழ்வான பாதையில் இறங்கிவிடுகிறார்கள். 'கருந்துளை அணுகல்' என்று நாம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே மயக்கம் பயிற்றுநரின் கண்ணையும் விட்டுவைப்பதில்லை. இறங்கும் பாதையின் உயரத்தைக் காட்ட ஓடுபாதையோரம் இருக்கும் பாப்பி விளக்குகள், உயரம் சரி என்று இரண்டு சிவப்பு, இரண்டு வெள்ளை காட்டுவது இருவருக்கும் தெரிகிறது. தாழ்ந்துவிட்டோம் என்று அது மூன்று சிவப்பாக மாறும்போது எவ்வளவு விரைவில் உங்கள் வாய் திறக்கிறது என்பதுதான், நீங்களே அந்தப் பாதையில் அண்மையில் இறங்கினீர்களா என்பதைக் காட்டும். இரவில் மாணவர் தவறும் நேரத்தில் விமானத்தை வாங்கி இறக்க வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். பயணி அல்லாத அந்த மாணவருக்கு, எந்தப் பயணியைவிடவும் உங்கள் கைத்திறன் அதிகம் தேவைப்படுகிறது. சட்டம் அவரைப் பயணி என்ற சொல்லிலிருந்து விலக்கியது பயிற்சி தடைப்படாமல் இருப்பதற்காக. பயிற்றுநரின் கை காய்ந்திருந்தாலும் போதும் என்பதற்காக அல்ல என்றே நான் படிக்கிறேன். மாணவர் இரவில் தனியாகப் பறப்பதற்கு, அவருக்கு 90 நாட்களுக்குள் இரவுப் பயிற்சி அளித்து நீங்கள் லாக்புக்கில் கையெழுத்திட வேண்டும் என்று 61.87 கேட்கிறது. அவரிடம் கேட்கும் 90 நாட்களை நம்மிடமும் நாமே கேட்டுக்கொள்வதில் என்ன குறை?

ஆகவே என் ஆலோசனை இது. மாதம் ஒரு முறை, ஓர் இரவில், வலப்பக்க இருக்கையில் இருந்து மூன்று முழுத் தரையிறக்கங்கள் செய்யுங்கள். எந்த இருக்கை என்று விதி சொல்லவில்லை; ஆனால் நீங்கள் காப்பாற்ற வேண்டிய இருக்கை வலது என்பதால் அங்கேயே பழகுங்கள். ஓடுபாதை நீளமாக இருந்தால் நடுவிலேயே முழுமையாக நின்று, ஃபிளாப்பை ஏற்றி, டிரிம்மைச் சரிசெய்து, மீண்டும் கிளம்பலாம். கட்டுப்பாட்டுக் கோபுரம் இருந்தால் அதற்கு முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். எனக்கு அதைவிட, முழுவதும் வெளியேறி டாக்ஸிவே வழியாகத் திரும்பி வருவதே பிடிக்கும், ஏனெனில் அந்த ஐந்து நிமிடத்தில் முந்தைய தரையிறக்கத்தை நினைத்துப் பார்க்க முடிகிறது. கண் இருட்டுக்குப் பழக ஏறத்தாழ 30 நிமிடங்கள் ஆகும்; அந்த நேரத்தில் தொலைபேசித் திரையைப் பார்க்காதீர்கள். சக பயிற்றுநரை அழைத்துச் செல்ல விரும்பினால், இருவருக்கும் அனுபவம் காலாவதியாகியிருக்கும் நிலையில், ஒருவர் மற்றவருக்கு உண்மையாகவே பயிற்சி அளித்து அதைப் பதிய வேண்டும். சும்மா உடன் வந்தால் அவர் பயணி. சந்தேகமாக இருந்தால் தனியாகப் போங்கள். இந்த அரை மணி நேரச் செலவைப் பள்ளி ஏற்க வேண்டும் என்று உங்கள் தலைமைப் பயிற்றுநரிடம் நேராகக் கேளுங்கள். விமானக் காப்பீட்டு ஒப்பந்தத்தில் பயிற்றுநரின் அண்மை அனுபவத்தைப் பற்றித் தனி நிபந்தனை இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். விதி கேட்காததைக் காப்பீடு கேட்கலாம்.

கடைசியாக, மாணவரின் அண்ணன். அவர் பயிற்சி பெறவில்லை, பயிற்சி அளிக்கவும் இல்லை. பின் இருக்கையில் அமர்ந்த கணத்தில் அவர் பயணி. மாணவர் உரிமம் மட்டும் உள்ளவர் பயணியை ஏற்ற முடியாது என்பதால், பொறுப்பு விமானி நீங்கள்தான், 61.57 முழுமையாக உங்கள் மீது வந்து விழுகிறது. உங்கள் இன்றைய நிலையில் அவரை அழைத்துச் செல்வது விதிமீறலே. முன்னால் இருப்பவர் உரிமம் பெற்று, இரவு அனுபவமும் காலாவதியாகாமல், தாமே பொறுப்பு விமானியாக இருக்க ஒப்புக்கொண்டவராக இருந்தால் மட்டுமே உங்கள் கணக்கு பொருட்டல்ல.

வகுப்பு அடுத்த வாரம்தானே. அதற்கு முன் ஒரு மாலையை உங்களுக்காக ஒதுக்குங்கள். சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்து அதோடு ஒரு மணி நேரம் கூட்டி, அதற்கும் பத்து நிமிடம் கழித்தே முதல் தரையிறக்கம் நிகழுமாறு கிளம்புங்கள். மூன்றாவது முறை இறங்கி எஞ்சினை அணைத்ததும், இருக்கையை விட்டு எழுவதற்கு முன், தேதி, மூன்று நேரங்கள், 'தனியாக, முழு நிறுத்தம், வலது இருக்கை' என்று எழுதிவிடுங்கள். பிறகு அண்ணனுக்குச் சொல்லி அனுப்புங்கள்.